மதுரைச் சுல்தானகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்காம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு இருந்து மறைந்த ஒரு சிறிய அரசைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஊர் வழக்கில் சொல்லப்படும் செய்திகளை வழக்கு என்றே குறித்திருக்கிறோம்.

மதுரையைச் சுல்தான்கள் ஆண்டது உண்மையா? எவ்வளவு காலம் ஆண்டார்கள்?

உண்மைதான். ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை, அதாவது 43 ஆண்டுகளுக்குள், எட்டுச் சுல்தான்கள் அங்கே ஆண்டார்கள். ஆனால் தமிழ்நாடு முழுவதும் அவர்கள் கையில் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மதுரையும், கொள்ளிடத்திற்கு வடக்கே சமயபுரத்தை அடுத்த கண்ணனூர்க் கோட்டையும், கிழக்குக் கடற்கரையின் துறைமுகங்கள் சிலவும் அவர்களுடைய வலுவான பிடிகளாக இருந்தன. தெற்கே நெல்லைச் சீமையில் பாண்டியர்கள் தங்கள் ஆட்சியாண்டுகளைக் குறித்துக் கல்வெட்டு வெட்டிக்கொண்டேயிருந்தார்கள். வடக்கே தொண்டை நாட்டில் சம்புவராயர்கள் தனித்தே இருந்தார்கள். கோட்டைகளையும் அவற்றை இணைத்த பாதைகளையும் கையில் வைத்திருந்த படை அரசு என்று இதைச் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

பழைய நூல்களில் இதை "மாபார்" அரசு என்கிறார்களே, அது என்ன பெயர்?

"மஅபர்" என்னும் அரபுச் சொல்லுக்குக் கடந்து செல்லும் இடம் என்று பொருள். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரையுள்ள கடற்கரையை அரபு, பாரசீக வணிகர்கள் இப்பெயரால் அழைத்தார்கள் என்பது வசாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியரின் குறிப்பிலிருந்து தெரிகிறது. டெல்லியின் அலுவல் வழக்கிலும் இந்த மாகாணத்துக்கு மாபார் என்பதே பெயர். மதுரைச் சுல்தானகம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் இட்ட பெயர்.

மாலிக் காபூர்தானே இந்த அரசை நிறுவியவர்?

இல்லை. மிகப் பரவலாக இருக்கும் குழப்பம் இதுதான். அலாவுதீன் கில்ஜியின் தளபதியான மாலிக் காபூர் 1311-ல் வந்தார், கொள்ளையடித்தார், அதே ஆண்டில் டெல்லிக்குத் திரும்பிவிட்டார். ஆளுநர் எவரையும் இங்கே அமர்த்திவிட்டுச் செல்லவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் மக்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த நேரம் அது. காபூருக்கு வழி எளிதானதற்கு அந்தப் பங்காளிச் சண்டையே முதற்காரணம்.

காபூர் கொண்டுசென்ற யானைகள் 612 என்கிறார் வரலாற்றாசிரியர் பரணி. 512 என்கிறார் கவிஞர் அமீர் குஸ்ரு. இருவரும் டெல்லியைச் சேர்ந்தவர்கள், ஏறத்தாழச் சம காலத்தவர்கள். இடைக்கால நூல்கள் தரும் எண்களை எவ்வளவு கவனத்தோடு கையாள வேண்டும் என்பதற்கு இந்த 100 யானை வேறுபாடு ஒன்றே போதும். இந்தப் பக்கத்தில் வரும் படைக்கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

1318-ல் டெல்லியின் மற்றொரு தளபதி குஸ்ரு கான் வந்தார். அவருடைய வருகையைப் பற்றிப் பரணி சொல்லும் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். மாபாரில் தகீ என்றொரு பெரும் முஸ்லிம் வணிகர் இருந்தார். வருவது முஸ்லிம் படைதானே, நம்மை ஒன்றும் செய்யாது என்று நம்பி, மற்றவர்கள் ஓடியபோதும் அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. குஸ்ரு கான் அவருடைய செல்வத்தைப் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றும்விட்டார். வந்த படைக்கும் இந்தக் கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த முஸ்லிம்களுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு இந்நிகழ்ச்சி ஒரு விடை.

உண்மையான மாற்றம் 1323-ல்தான் நேர்ந்தது. கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலூக் கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அறியப்பட்டவர், வாரங்கலை வென்றபின் தெற்கே படை செலுத்தினார். மாபார் டெல்லியின் மாகாணமானது. ஆளுநரும் காவற்படையும் வந்து தங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த சுல்தானகத்தின் கரு இந்தக் காவற்படைதான்.

மாகாணம் எப்படித் தனி அரசானது?

இன்றைய ஹரியானாவிலுள்ள கைத்தலைச் சேர்ந்த சையத் ஜலாலுதீன் அஹ்சன் இங்கே அதிகாரியாக இருந்தார். டெல்லியில் அப்போது நடந்தவை யாவரும் அறிந்தவை: தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியது, வெள்ளி நாணயத்தின் மதிப்பில் செப்புக்காசு வெளியிட்டது, வரிச்சுமை, பஞ்சம். மதுரையிலிருந்து டெல்லிக்கு ஒரு செய்தி போய்த் திரும்பவே மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு ஏறத்தாழ 1335-ல் அஹ்சன் தன்னைச் சுல்தானாக அறிவித்துத் தன் பெயரில் நாணயம் அடித்தார். பெயரை நாணயத்தில் பொறிப்பதும் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் சொல்லச் செய்வதும்தான் அன்று ஒருவர் மன்னர் என்பதற்கு அடையாளம்.

அந்த நாணயங்களில் அவர் தம்மை "தாஹா, யாசீன் வழித்தோன்றல், ஏழை எளியோரின் தந்தை" என்று அழைத்துக்கொண்டார். தாஹாவும் யாசீனும் நபிகளாரைக் குறிக்கும் பெயர்கள். டெல்லியின் ஆணையை மீறிய ஆளுநருக்கு உரிமை கோர வேறொரு தளம் தேவைப்பட்டது. தம் சையத் குலத்தை அவர் அதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

டெல்லி ஏன் அடக்கவில்லை?

அடக்கத்தான் கிளம்பியது. முகமது பின் துக்ளக் தாமே பெரும்படையோடு புறப்பட்டு வாரங்கல் வரை வந்தார். அங்கே கொள்ளைநோய் பரவிப் படையில் பெரும்பகுதி மடிந்தது, சுல்தானும் நோயில் விழுந்தார், படை திரும்பியது. திரும்பும் வழியில் பீட் அருகே சுல்தானுக்குப் பல்வலி கண்டு ஒரு பல் விழுந்ததாகவும், அதை அடக்கம் செய்து மேலே ஒரு மண்டபம் எழுப்பினார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் பிரிஷ்தா எழுதுகிறார். மாபார்ப் படையெடுப்பின் நினைவாக மிஞ்சியது ஒரு பல்லின் சமாதிதான் என்றால், அதில் மிகை அதிகமில்லை.

இதன் விளைவு பெரிது. சுல்தான் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவி, பல இடங்களில் கிளர்ச்சி மூண்டது. வாரங்கல் கைவிட்டுப்போனது, துங்கபத்திரைக் கரையில் 1336-ல் விஜயநகரம் தோன்றியது, 1347-ல் தக்காணத்தில் பாமினி அரசு எழுந்தது. மதுரைக்கு டெல்லியின் அச்சம் நீங்கியது. ஆனால் அதே வேளையில், வடக்கிலிருந்து புதிய வீரர்களும் குதிரைகளும் அதிகாரிகளும் தரைவழியே வந்துசேரும் பாதையும் அடைபட்டது. தன் வீழ்ச்சிக்கான காரணத்தை இந்த அரசு தன் விடுதலையோடு சேர்த்தே பெற்றுக்கொண்டது என்பது எங்கள் கருத்து.

சுல்தான்கள் யார் யார்?

அஹ்சன் ஷா ஐந்தாண்டுகள் ஆண்டபின் தம் பிரபு ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுதீன் உதௌஜி ஓராண்டு இருந்தார். ஒரு போரில் வென்றுவிட்டு, தண்ணீர் குடிப்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றிய நேரத்தில் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருடைய உறவினரான குத்புதீன் பிரோஸ் 40 நாள் மட்டுமே அரியணையில் இருந்து கொலையுண்டார். பிறகு கியாசுதீன் தாமகானி வந்தார். டெல்லியில் ஒரு பிரபுவின் கீழ்ச் சாதாரணக் குதிரை வீரராக இருந்த இவர், அஹ்சன் ஷாவின் மகளை மணந்து தம் உரிமையை உறுதிசெய்துகொண்டார். அவருக்குப்பின் அவர் சகோதரரின் மகன் நாசிருதீன். இந்த ஐவரைப் பற்றி நமக்குக் கதைகள் தெரியும். அடுத்து வந்த ஆதில் ஷா, பக்ருதீன் முபாரக் ஷா, அலாவுதீன் சிக்கந்தர் ஷா ஆகிய மூவரைப் பற்றி நாணயங்களில் உள்ள பெயரையும் ஆண்டையும் தவிரச் சொல்லத்தக்கது சிறிதே.

இப்னு பதூதா இதில் எப்படி வந்தார்? அவர் சொல்வதை நம்பலாமா?

மொராக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா டெல்லியில் இருந்த காலத்தில் அஹ்சன் ஷாவின் மகள் ஒருத்தியை மணந்திருந்தார். ஆகவே அவர் கியாசுதீனுக்குச் சகலை. மாலத்தீவில் நீதிபதியாக இருந்துவிட்டு, இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டு, 1344-ல் கப்பலேறியபோது புயல் அவருடைய கப்பலை மாபார்க் கரையோரம் தரைதட்டச் செய்தது. தம் தோழர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இரவெல்லாம் கப்பலின் பின்பகுதியில் இருந்தார். விடிந்ததும் அவ்வூர் மக்கள் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தார்கள். சகலை வந்திருக்கும் செய்தி கேட்டுச் சுல்தான் குதிரைகளையும் பல்லக்கையும் அனுப்பினார்.

மதுரை அகன்ற தெருக்களைக் கொண்ட பெருநகரம் என்றும், தம் மாமனார்தான் அதை முதலில் தலைநகராக்கி டெல்லியைப்போல அமைத்தார் என்றும் எழுதுகிறார். பின்னது மாமனார் பெருமை. பாண்டியர் தலைநகரம் அஹ்சன் ஷாவுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்லப் பிறகு எழுதப்பட்டதுதான் அவருடைய பயண நூல் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தும், தம் உறவினரைப் பற்றி, தமக்கு விருந்தளித்தவரைப் பற்றி, அவர் சொல்லும் கடுமையான செய்திகளை நம்புவதற்கு இடமுண்டு. அவற்றைப் புனைவதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

கண்ணனூர்ப் போரில் என்ன நடந்தது?

இந்த அரசின் வரலாற்றில் மிகவும் திருப்பமான நிகழ்ச்சி இது. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் தம் இறுதிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தளமாகக் கொண்டு, மதுரைச் சுல்தான்களைத் துரத்துவதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 80. அவர் படையில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது இப்னு பதூதாவின் கணக்கு. அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் முஸ்லிம்கள், ஓடிவந்த அடிமைகளும் குற்றவாளிகளும் என்று அவர் சொல்கிறார். எதிரே மதுரையின் படை 6,000 பேர். அதிலும் பாதிப்பேர் எதற்கும் உதவாதவர்கள். எண்களைக் குறைத்துக்கொண்டாலும், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது மத எல்லையை ஒட்டி அமையவில்லை என்பது தெளிவு.

முதல் மோதலில் மதுரைப் படை தோற்றுப் பின்வாங்கியது. வல்லாளர் கண்ணனூர்க் கோட்டையைப் பல மாதங்கள் முற்றுகையிட்டார். உள்ளே 14 நாளுக்கான உணவே மிஞ்சியபோது, கோட்டையை ஒப்படைத்தால் உயிரோடு போகலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். எங்கள் சுல்தானைக் கேட்க வேண்டும் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். அதற்கு அவர் 14 நாள் தவணை கொடுத்தார். முற்றுகையில் எதிரிக்குத் தவணை கொடுப்பது அக்காலப் போர் முறையில் புதிதல்ல. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு அவர் தந்த விலை மிகப் பெரிது.

கடிதம் மதுரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோர் முன்னும் அது படிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள்; பிழைத்திருந்தாலும் கண்ணனூருக்குப்பின் எதிரி மதுரைக்குத்தான் வருவான் என்று உணர்ந்தார்கள். தலைப்பாகைகளை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள்; சாகத் துணிந்தோம் என்பதற்கு அது அடையாளம். முன்னணியில் 300 பேர், பின்னே சுல்தானோடு 3,000 பேர். அவர்கள் போய்ச் சேர்ந்தது நண்பகல் உறக்க நேரம். ஹொய்சளப் படையின் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வருகிறவர்களைக் கொள்ளையர் என்று எண்ணி முறையாக அணிவகுக்காமலே சிலர் எதிர்கொள்ள ஓடினார்கள். அதற்குள் சுல்தானின் படை வந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியே பாய்ந்தார்கள்.

முதிய மன்னர் குதிரையேறித் தப்ப முயன்றார். அவரை எட்டிப் பிடித்தவர் சுல்தானின் உறவினரான நாசிருதீன். யாரென்று தெரியாமல் வெட்டப்போனவரிடம், இவர்தான் மன்னர் என்று உடனிருந்த அடிமை சொன்னான். கியாசுதீன் அவரை மரியாதையோடு நடத்தி, விடுதலை தருவதாகச் சொல்லிப் பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் பறித்துக்கொண்டபின் கொலைசெய்தார். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். "நான் அங்கே தொங்கக் கண்டேன்" என்ற பொருளில் இப்னு பதூதா எழுதுகிறார். நடந்தது ஏறத்தாழ 1342-ல்.

திருவண்ணாமலையில் இந்த மரணம் இன்றும் நினைக்கப்படுகிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது தலபுராண வழக்கு. ஆகவே ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் மன்னருக்குத் திதி கொடுக்கிறார். கோயிலின் ஒரு கோபுரத்துக்கு வல்லாள கோபுரம் என்றே பெயர்.

கியாசுதீனின் கொடுமைகளைப் பற்றிச் சொல்லப்படுபவை பிற்காலக் கட்டுக்கதைகளா?

இல்லை, அவற்றை எழுதியவர் அவருடைய சகலைதான். காட்டுவழியே படை போகும்போது, மரம் வெட்டி வழியுண்டாக்க ஒவ்வொருவரும் கோடரி எடுத்துச்செல்வார்கள். வழியில் அகப்பட்ட நாட்டு மக்களைப் பிடித்து, இரு முனையும் கூராக்கிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமக்க வைப்பார்கள். இரவில் முகாமைச் சுற்றி நான்கு வாயில்களோடு மரவேலி அமைப்பார்கள். காலையில் அந்த நான்கு வாயில்களிலும் கைதிகளை அவர்கள் சுமந்துவந்த கழுக்களிலேயே ஏற்றுவார்கள். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். நீதிபதியாக இருந்தவர், மார்க்க நெறிப்படியே அதைக் கண்டித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கியாசுதீன் எப்படி இறந்தார்?

1344-ல் மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. கண்டவர் இரண்டு, மூன்று நாளில் இறந்தார்கள். நோயற்றவள் என்ற உறுதியோடு தாம் வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்தாள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். சுல்தான் நகரை விட்டு வெளியே ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கினார். ஒரு வியாழக்கிழமை அவருடைய ஒரே மகன் இறந்தான். அடுத்த வியாழக்கிழமை தாய். மூன்றாம் வியாழக்கிழமை அவரே. யோகி ஒருவர் செய்துகொடுத்த, இரும்புத்தூள் கலந்த வீரிய மாத்திரைகளை அளவுமீறித் தின்றதும் அவருடைய உடல்நலக் கேட்டுக்குக் காரணம் என்கிறது அதே நூல்.

நாசிருதீன் பட்டத்துக்கு வந்ததும், தம் புகழ் பாடிய கவிஞர்களுக்குப் பொன்னையும் வெள்ளியையும் வாரியிறைத்தார். இறந்த சுல்தானின் மருமகனைக் கொன்று அவன் மனைவியைத் தாம் மணந்தார். இப்னு பதூதாவும் காய்ச்சலோடு மாபாரை விட்டுக் கிளம்பினார். அவரோடு நம் சாளரமும் மூடிக்கொள்கிறது.

1344-க்கும் 1356-க்கும் இடையே என்ன நடந்தது?

ஹிஜ்ரி 745-க்குப்பின் 757 வரை மதுரைச் சுல்தான்களின் நாணயமே கிடைப்பதில்லை. அரசு ஆட்டங்கண்டிருந்தது என்று ஊகிக்கலாம். அதற்குமேல் சொல்வதெல்லாம் கதை.

சாதாரண மக்களின் நிலை என்ன?

புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் இதற்கு விடை தேட வேண்டும். மைய அதிகாரம் கலைந்துபோன இக்காலத்தில், ஊர்க்காவலுக்கு வழியில்லாத ஊரார் பாடிகாவல் என்னும் அந்தக் காவல் உரிமையையும் அதற்கான வருவாயையும் உள்ளூர்த் தலைவர்களான அரையர்களுக்கு விற்று எழுதிக்கொடுத்தார்கள். படை எதுவாக இருந்தாலும், அறுவடையைக் காக்கப் பக்கத்தில் ஒரு வேல்காரன் வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. பிற்காலத்துப் பாளையக்காரர்களின் வேர்கள் சிலவற்றை இங்கே காணலாம்.

சுல்தான் என்ற சொல் தமிழ்க் கல்வெட்டில் "சுரத்தான்" ஆகிறது. வடமொழியில் அதுவே "சுரத்ராணன்". விஜயநகர மன்னர்கள் "இந்துராய சுரத்ராணன்" என்பதையே தங்கள் விருதுப்பெயராக்கிக்கொண்டார்கள்: யாரை எதிர்த்தார்களோ அவர்களுடைய பட்டத்தையே விரும்பிச் சூடியிருக்கிறார்கள்.

கம்பணர் எப்போது வந்தார்? "மதுரா விஜயம்" எவ்வளவு நம்பத்தக்கது?

விஜயநகரத்தின் முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர், முதலில் 1360-களில் தொண்டை நாட்டுச் சம்புவராயர்களை அடக்கிவிட்டு, 1371-ஐ ஒட்டி மதுரையை நோக்கி வந்தார். அவருடைய மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை வடமொழிக் காவியமாகப் பாடினார். 1916-ல் திருவனந்தபுரத்தில் ஏட்டுச்சுவடி கிடைத்து, 1924-ல் அச்சானது. இடையிடையே ஏடுகள் சிதைந்துள்ளன.

காவியத்தில் ஒரு பெண் கம்பணர் முன் தோன்றி, மதுரையின் நிலையைச் சொல்லித் தெய்வ வாள் ஒன்றைக் கொடுக்கிறாள். தோப்புகள் வெட்டப்பட்டு அங்கே தலைகள் குத்திய கழுக்கள் நிற்கின்றன என்று அவள் வருணிக்கிறாள். அது காவிய மிகை என்று தள்ளத் தோன்றும். இப்னு பதூதாவின் நூலில் வரும் கழுமரங்களைப் படித்தவருக்கு அவ்வளவு எளிதாகத் தள்ள மனம் வராது. ஒருவர் மற்றவரைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கம்பணர் சுல்தானைத் தனிப்போரில் வாளால் வெட்டினார் என்ற முடிவு காவிய மரபு கேட்கும் முடிவு. தலைவன் வேறெப்படி வெல்வான்?

வீழ்ந்த ஆண்டு 1371-ஆ, 1378-ஆ?

இரண்டுக்கும் சான்று உண்டு. கம்பணரின் தளபதி கோபண்ணர், திருப்பதியிலும் செஞ்சியிலும் வைத்துக் காக்கப்பட்ட அரங்கநாதரின் உற்சவத் திருமேனியை சக ஆண்டு 1293-ல், அதாவது 1371-ல், திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்கிறது அக்கோயில் கல்வெட்டு. கண்ணனூரில் சுல்தானின் படை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. மறுபுறம், சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் ஹிஜ்ரி 779 வரை கிடைக்கின்றன. 1371-ல் முதுகெலும்பு முறிந்து, எங்கோ ஒரு மூலையில் சில ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே பொருந்தும் விளக்கம். கம்பணரும் 1374-ஐ ஒட்டி இறந்துவிட்டதால் கடைசி அடியை யார் கொடுத்தார் என்பது விவாதத்துக்குரியது. படையில் இருந்த சாளுவ மங்குவின் வழிவந்தோர், அந்தப் பெருமையைத் தம் முன்னோருக்கே உரியதாகப் பாடிவைத்தார்கள்.

அப்படியானால் வீழ்ச்சிக்குக் காரணம் கம்பணரின் படை மட்டுமா?

மட்டுமல்ல. எட்டுப் பேரில் முதல் நால்வரைப் பாருங்கள்: இருவர் கொலை, ஒருவர் அம்பு, ஒருவர் நோய். பட்டத்துக்கு வந்தவர்களில் தந்தைக்குப்பின் மகன் என்று நமக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. வடக்கே விஜயநகரமும் பாமினியும் வளர வளர, ஆள் வரும் வழி குறுகியது. கடல்வழிக் குதிரை வணிகம் பாண்டியர் காலத்திலேயே பெருஞ்செலவாக இருந்தது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து வர வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும், ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலையையும் வசாஃப் குறிக்கிறார். பாண்டியருக்கு அதைத் தாங்க நாட்டு வருவாய் இருந்தது. நாட்டார் சபைகளோடும் கோயில்களோடும் உறவு வைத்துக்கொள்ளாத கோட்டை அரசுக்கு, கொள்ளையைத் தவிர நிலையான வருவாய் எது?

கோயில்கள் உண்மையிலேயே மூடப்பட்டனவா?

பல கோயில்களில் வழிபாடு நின்றது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. திருக்கோளக்குடிக் கல்வெட்டு, காலம் துலுக்கர் காலமாக இருந்ததையும், கம்பண உடையார் வந்து அவர்களை அழித்து, கோயில்களில் பழையபடி பூசை நடப்பதைக் கண்காணிக்க நாயக்கன்மாரை அமர்த்தியதையும் சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் கருவறையைச் சுவர் எழுப்பி மறைத்து, முன்னே வேறொரு லிங்கத்தை வைத்துக் காத்தார்கள் என்பதும், பல்லாண்டுகளுக்குப்பின் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டும் சந்தனம் உலராமலும் இருந்தது என்பதும் மரபு. முதற்செய்தி நடந்திருக்கக்கூடியது, இரண்டாவது, நம்பினோருக்கு உரியது.

தமிழ் முஸ்லிம்கள் இந்தச் சுல்தான்களின் வழிவந்தவர்களா?

இல்லை. காயல்பட்டினம் போன்ற துறைமுகங்களில் முஸ்லிம் வணிகர் குடியிருப்புகள் இதற்கு வெகு முன்பிருந்தே இருந்தன. பாண்டியர் அவையில் தகீயுதீன் அப்துர் ரகுமான் அமைச்சராக இருந்ததை வசாஃப் எழுதுகிறார். 1311-ல் காபூரை எதிர்த்த வீர பாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை அமீர் குஸ்ருவே குறைபட்டுக்கொள்கிறார். சுல்தானகம் வந்து போனது. மரக்காயர்களும் அவர்களுடைய தமிழும் அதற்கு முன்னும் பின்னும் இருந்தார்கள்.

இன்று மதுரையில் என்ன மிஞ்சியிருக்கிறது?

அரண்மனையோ மதிலோ இல்லை. காஜிமார் தெருப் பள்ளிவாசலின் தோற்றத்தைப் பாண்டியர் காலத்துக்குக் கொண்டுசெல்லும் மரபு உண்டு. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவில், பாண்டியர் விட்ட ஊர்களை உறுதிசெய்யும் 1573-ஆம் ஆண்டு வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு உண்டு. திருப்பரங்குன்றத்து மலைமேல் உள்ள தர்காவின் சிக்கந்தரைக் கடைசிச் சுல்தானோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. இறைநேசர் என்று மட்டும் போற்றுவோரும் உண்டு. அது வழக்கு, வழக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சியவற்றில் உறுதியானவை காசுகள்தான், பெரும்பாலும் சிறு செப்புக்காசுகள்.

காசில் 779 என்றிருந்தால் அது எப்படி 1378 ஆகும்?

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவதால் சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே 622-ஐ நேரடியாகக் கூட்டினால் தவறான ஆண்டு வரும். ஹிஜ்ரி 779 என்பது 1377 மே மாதத்தில் தொடங்கி 1378 ஏப்ரலில் முடிந்தது. சிக்கந்தர் ஷாவின் கடைசிக் காசு அந்தப் பன்னிரண்டு பிறைகளுக்குள் ஏதோ ஒன்றில் அடிக்கப்பட்டிருக்கிறது.